ஏலக்காய் விளையாத ஊரின் ஏலக்காய்க் கணக்கு

போன வாரம் பேத்தி கேட்டாள்: "தாத்தா, நம்ம ஊர்ல இஞ்சி, ஏலக்காய் எல்லாம் விளையுமா?" இந்தக் கரிசல் வெயிலில் ஏலக்காய்க்கு என்ன வேலை என்று சிரித்துவிட்டேன். பிறகுதான் பாதிப் பதில் சொன்னது உறைத்தது.

இஞ்சி, மஞ்சள், ஏலம் மூன்றும் ஒரே குடும்பம். வாழையும் கல்வாழையும் அவற்றின் பங்காளிகள். எல்லாம் சிஞ்சிபெரேல்ஸ் என்ற வரிசை. மொத்தம் 8 குடும்பங்கள். நீங்கள் பரீட்சையில் 'வாழை மரம்' என்று எழுதி என்னிடம் சிவப்பு மை வாங்கியது நினைவிருக்கிறதா? அது மரமல்ல, இலையடிகள் சுருண்டு தண்டுபோல நிற்கிறது. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. ஏலச்செடியும் அப்படித்தான்.

பெயர்களிலும் நம் பக்கத்து வாசனை உண்டு. ஜிஞ்சர் என்பதன் மூலம் 'இஞ்சி' என்ற நம் சொல்லே என்று மொழியறிஞர் பலர் கருதுகிறார்கள். கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் 1678 முதல் 1693 வரை வெளிவந்த 12 தொகுதிகளில் மலபார்ச் செடிகளைப் பதிந்தார். இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் அதற்குத் துணை நின்றார். அதிலிருந்த மலையாளப் பெயரான 'ஏலத்தரி'யே 1811இல் எலெட்டாரியா ஆனது.

இனி நம் ஊர். திருவிதாங்கூர் மலையில் விளைந்த ஏலக்காயை 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அரசே வாங்கி விற்றது. அந்த ஏகபோகம் போன பின் வியாபாரிகளுக்கு வழி திறந்தது. 1876 முதல் மதுரை–தூத்துக்குடி ரயில் விருதுபட்டி வழியாகத்தான் ஓடியது. மலைச்சரக்கு கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி இங்கே பேட்டைக்கு வந்தது. பருத்தி, வத்தல், மல்லியோடு ஏலமும் இந்த ஊரின் வியாபாரம். மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்த மகமைப் பணம் ஊர்ப் பொதுக் காரியங்களுக்குப் போனது. 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலையில்தான் காமராசர் படித்தார். 1923இல் விருதுபட்டி விருதுநகரானது. ஏல வியாபாரம் பின்னாளில் போடி, வண்டன்மேடு பக்கம் நகர்ந்தது. உலகச் சந்தையில் குவாத்தமாலா முந்திக்கொண்டது.

இதை எழுதக் காரணம் வேறு. சமீபத்தில் ஒரு பழைய கடையைக் காலி செய்தபோது மூன்று தலைமுறைக் கணக்குப் பேரேடுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் வண்டி சிவகாசிக்குப் போய்விட்டது. இந்நேரம் வெடிக்குழாயாகச் சுருட்டியிருப்பார்கள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் பேரேடு இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.