நுரைச்சோலைக்கு வரும் கரிக்கப்பல்



வரலாற்றுப் பாடத்தில் பழைய கடல் வணிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அந்தக் காலத்தில நம்மட கரையில இருந்து சாமான் போனது. இப்ப என்ன வருது?"

"கரி வருது மகள்" என்றேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

1344 இல் இப்னு பதூதா புத்தளத்தில் வந்திறங்கினார். கரையெங்கும் கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததையும், மலபார்க்காரர் அவற்றை ஏற்றிச் சென்றதையும் எழுதி வைத்தார். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டி, கண்டி இராச்சியத்துக்குப் போய்வந்த வணிகத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தனர். அன்றும் தூரத்து வணிகத்தின் இலாபம் வேறெங்கோதான் போனது.

இன்று கப்பல் நம்மை நோக்கி வருகிறது. நுரைச்சோலை அனல் மின்நிலையம் 2011 இல் இயங்கத் தொடங்கி, 2014 இல் 900 மெகாவாட்டாக வளர்ந்தது. முழுமையாக இயங்கினால் ஆண்டுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும். இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, ரஷ்யா என்று தூரத்து நாடுகளிலிருந்து வருகிறது. பெரிய கப்பல் ஆழ்கடலில் நிற்க, கரியைப் பாதைப்படகுகளில் இறக்கி இறங்குதுறைக்குக் கொண்டுவருகிறார்கள்.

அந்த மின்சாரத்தில் நாடே வெளிச்சம் காண்கிறது, நானும்தான். ஆனால் கரித்தூசியும் சாம்பலும் காற்றில் கிளம்பும்போது, அவை விழுவது பக்கத்துக் கிராமங்களின் கூரையிலும் கிணற்றிலும் மிளகாய், வெண்காயத் தோட்டங்களிலும்தான். கரைவலை இழுத்த சகோதரர்களுக்குத் தொழில் செய்யும் இடமும் சுருங்கியது. மின் பட்டியலில் இந்தச் செலவுக்கு ஒரு வரிகூட இல்லை.

2022 இல் டொலர் தீர்ந்தபோது இன்னொன்றையும் கண்டோம். அடுத்த கரிக்கப்பலுக்குக் காசு கட்ட முடியுமா என்று நாடே காத்திருந்தது.

தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் கரி இறக்க முடியாது. அதே காற்றில்தான் 2010 முதல் மாம்புரியில் காற்றாலைகள் சுழல்கின்றன. காற்று மட்டும் 900 மெகாவாட்டுக்கு ஈடாகாது, உண்மைதான். ஆனாலும் கப்பலில் வராத, டொலர் கேட்காத ஒரு வளம் நம் தலைக்கு மேலேயே வீசுகிறது.

இறங்குதுறை வருவதற்கு முன் அந்தக் கரை எப்படி இருந்தது? முஸ்லிம், கத்தோலிக்க, சிங்கள, தமிழ்ப் பெரியவர்கள் யாராக இருந்தாலும் நினைவிருப்பதைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன். பாடப்புத்தகத்தில் அது இல்லை.