அம்பாளா, ஆண்டாளா? மூக்குப்பொடி டப்பா சொல்லும் லோகோ வரலாறு

போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா மகன் மொபைலை நீட்டினான். ஜவளகிரியில் சின்னதாக ஒரு மில் வைத்திருக்கிறான். இனி ராகி மாவை பாக்கெட் போட்டு விற்கப் போகிறானாம். யாரிடமோ 3,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து லோகோ வரைந்து வாங்கியிருந்தான். பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு மெல்ல மாறும் ஒரு வட்டம். உள்ளே இலையா தீயா என்று தெரியாத ஒரு வளைவு.

"எப்டிண்ணா இருக்குது?"

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் காட்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது சாமி. கடையில போயி இத என்னான்னு சொல்லிக் கேக்கறது?" என்றார்.

இந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. லோகோ என்றால் கண்ணுக்கானது என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். பெரியம்மா வாயையும் காதையும் பற்றிக் கேட்கிறார். இதை யாராவது முன்பே யோசித்திருப்பார்களே என்று தேட ஆரம்பித்தேன். தேடல் கடைசியில் ஒரு மூக்குப்பொடி வழக்கில் போய் நின்றது.

சென்னையில் ஸ்ரீ அம்பாள் அண்ட் கோ என்று ஒரு மூக்குப்பொடி கம்பெனி. அவர்கள் பதிவு செய்திருந்த லேபிளில் நீரில் மிதக்கும் ஒரு உருண்டை, அதன்மேல் அமர்ந்த அம்பாள். 'ஸ்ரீ அம்பாள்' என்ற சொல்லையும் தனியாகப் பதிந்து வைத்திருந்தார்கள். 1958இல் கே.ஆர். சின்னகிருஷ்ண செட்டியார் என்ற இன்னொரு பொடி வியாபாரி 'ஸ்ரீ ஆண்டாள்' என்ற மார்க்கைப் பதிய விண்ணப்பித்தார். அவருடைய லேபிள் மூன்று கட்டம் கொண்டது. நடுவில் ஆண்டாள் படம். இரண்டு பக்கமும் 'ஸ்ரீ ஆண்டாள் மெட்ராஸ் ஸ்னஃப்' என்பது தமிழ், தேவநாகரி, தெலுங்கு, கன்னடம் என நாலு எழுத்தில். எங்கள் பக்கத்துச் சந்தைக்கென்றே அளவெடுத்துச் செய்தது போன்ற லேபிள் என்று எனக்குத் தோன்றியது.

அம்பாள் கம்பெனி ஆட்சேபம் தெரிவித்தது. இரண்டு லேபிளையும் அருகருகே வைத்தால் குழந்தைகூட வித்தியாசம் சொல்லிவிடும். டிரேட்மார்க் பதிவாளரும் ஆண்டாள் பக்கம்தான் நின்றார். ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. வழக்கு டெல்லி வரை போய், 1969இல் உச்ச நீதிமன்றமும் ஆண்டாளுக்குப் பதிவு கிடையாது என்றது.

நீதிபதிகள் சொன்ன காரணம் சுவாரசியமானது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இல்லை, அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தால் மட்டும் போதாது, காதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார்கள். அம்பாள், ஆண்டாள்: சொல்லிப் பாருங்கள். கூட்டமான கடையில், மூக்கில் பொடி அடைத்த குரலில் ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள் (இது நீதிமன்றம் சொன்னதல்ல, என் சேர்க்கை). கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்?

அம்பாள் சிவனோடு சேர்ந்தவள், ஆண்டாள் பெருமாளோடு சேர்ந்தவள், இதில் யார் குழம்புவார் என்ற வாதமும் வந்தது. தென்னாட்டு இந்துவுக்கு அது தெரியலாம். ஆனால் பொடி வாங்குகிறவர் எல்லாரும் தென்னாட்டு இந்து இல்லையே என்பதுதான் நீதிமன்றத்தின் பதில். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வரியில் சொல்வதானால், இது ஹேஷ் கொலிஷன். உள்ளே இருக்கும் டேட்டா வேறு வேறு. ஆனால் தேடப் பயன்படும் சாவி ஒன்றாகிப் போகிறது. கடை வாசலில் அந்தச் சாவி படம் அல்ல, ஓசை.

இதற்குச் சில வருடம் முன்னால், 1962இல், 'அம்ருத்தாரா' மருந்துக்கும் 'லக்ஷ்மண்தாரா' மருந்துக்கும் நடந்த வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே பாதையில்தான் போனது. இரண்டு பேரையும் எழுத்து எழுத்தாகப் பிரித்து ஆராயும் பண்டிதர் அல்ல, சராசரி புத்தியும் அரைகுறை ஞாபகமும் உள்ள ஒரு கிராமத்துக்காரர் என்ன நினைப்பார் என்பதுதான் அளவுகோல். (தீர்ப்பின் முடிவு தமாஷ்: லக்ஷ்மண்தாரா ரொம்ப நாளாக விற்பனையில் இருந்ததால் உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள்.) லோகோ பற்றிய எத்தனையோ கட்டுரைகளில் நிறம், எழுத்துரு, வெற்றிடம் என்று படித்திருக்கிறேன். இந்த அரைகுறை ஞாபகக்காரரைப் பற்றி யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

வெளிநாட்டில் கதை கொஞ்சம் வேறு மாதிரி தொடங்குகிறது. பிரிட்டனில் 1876 ஜனவரி 1 அன்று பதிவான முதல் டிரேட்மார்க், பாஸ் பீர் கம்பெனியின் முக்கோணம். 1882இல் மானே வரைந்த பாரிஸ் மதுக்கடை ஓவியத்தில்கூட அந்தச் சிவப்பு முக்கோணம் ஒட்டிய பாட்டில் நிற்கிறது. எழுத்துத் தெரிந்தவரோ தெரியாதவரோ, முக்கோணத்தைக் காட்டி வாங்கலாம். இங்கேயும் மான்செஸ்டர் மில்கள் துணிக்கட்டின் மேல் வண்ண வண்ணச் சீட்டு ஒட்டி அனுப்பின. யானை, புலி, தெய்வம் எல்லாம் அதில் வந்தன. சீட்டைப் பார்த்துத்தான் துணி வாங்குவது. பிறகு சிவகாசி தீப்பெட்டியும் பட்டாசும் அதே வழியில் வந்தன. தமிழில் 'மார்க்' என்ற ஒட்டு அப்படி ஒட்டிக்கொண்டதுதான் என்பது என் ஊகம். சேவல் மார்க் பட்டாசு, மயில் மார்க் ரவை. படத்தின் பேரே சரக்கின் பேர் ஆகிவிடுகிறது. கம்பெனி முதலாளி பேர் யாருக்கு வேண்டும்?

இதையே மிகப் பெரிய அளவில் செய்தது 1951-52 பொதுத்தேர்தல். நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 18 சதவீதம் அளவில்தான். வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம். அன்றிலிருந்து ஓட்டுக் கேட்கிறவர்கள் படத்தைக் காட்டுவதோடு நிறுத்துவதில்லை. படத்தின் பேரை மைக்கில் சொல்லிச் சொல்லிக் காதில் ஏற்றுகிறார்கள்.

இனி எங்கள் ஊர்ச் சிக்கலுக்கு வருகிறேன். ஓசூர்ப் பக்கம் பெரிய கம்பெனிகளுக்கு இந்தக் கவலை குறைவு. டைட்டன் என்ற பேர் டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு இரண்டின் முதல் எழுத்துகளில் பிறந்தது என்பார்கள். விளம்பரத்தில் மொசார்ட் சிம்பொனியை ஓடவிட்டே காதில் பேரை ஏற்றிவிட்டார்கள். டிவிஎஸ் லோகோவில் குதிரை பாய்ந்தாலும் யாரும் 'குதிரை வண்டி' என்று கேட்பதில்லை. ஐந்நூறு பாக்கெட் மாவு விற்கிறவனிடம் அந்த விளம்பரக் காசு ஏது?

போதாக்குறைக்கு, ஜவளகிரியில் ஒரே திண்ணையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவோம். தம்பி முதலில் யானை போடலாம் என்றான். தமிழில் யானை, கன்னடத்தில் ஆனெ, தெலுங்கில் ஏனுகு. ஒரு படம், மூன்று பேர். அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு. அறுவடை சமயத்தில் காட்டிலிருந்து இறங்கி ராகியை மேய்ந்துவிட்டுப் போவதே யானைதான். "அந்தப் படத்த பாத்தாலே எங்களுக்கு வவுறு எரியும்" என்றார் பெரியம்மா. மயிலும் உதவாது: நவிலு, நெமலி. திருகைக்கல் அழகான படம்தான், ஆனால் அதற்கும் மூன்று பேர். மூன்று மொழியிலும் கிட்டத்தட்ட ஒரே ஓசை வருவது நந்தி, சிங்கம், சக்கரம் மாதிரிச் சிலதுதான். அவை எல்லாருக்கும் தெரிந்தவை என்பதாலேயே அவற்றில் நெரிசலும் அதிகம். மாவுக்கான 30ஆம் வகுப்பில் முதலில் தேடிப் பார்க்காமல் பணம் கட்டாதே என்றேன். தனி ஆளோ சிறுதொழிலோ ஆன்லைனில் விண்ணப்பிக்க வகுப்புக்கு 4,500 ரூபாய். வெறும் ராகிக் கதிரை மட்டும் வரைந்தாலும் தனி உரிமை கேட்பது கஷ்டம். சரக்கையே காட்டும் படம் எல்லா ராகி வியாபாரிக்கும் பொது.

அந்தப் பச்சை-ஆரஞ்சு வட்டத்தை ஓரம் கட்ட வேண்டியிருந்ததற்கு இன்னொரு சாதாரணக் காரணமும் இருந்தது. பாக்கெட் அச்சடிக்கும் கிராவியர் முறையில் நிறத்துக்கு ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காசு. இவன் முதலில் போடும் சரக்கின் லாபம் அதற்கே போய்விடும். ஒரே நிறத்தில், ரப்பர் ஸ்டாம்பில் குத்தினாலும் தெரிகிற மாதிரி வரைந்து வா என்று அவரிடம் திருப்பி அனுப்பினோம். புதுப் படம் இன்னும் வரவில்லை.

அதுவரை வெள்ளைப் பையில்தான் விற்கிறான். மில் மேட்டில் இருப்பதால் வாங்க வருகிறவர்கள் 'மேட்டு மில்லு மாவு' என்றுதான் கேட்கிறார்களாம். அதையே பேராக வைத்துவிடலாமா என்று நேற்று ராத்திரி போன் பண்ணினான். பெரியம்மாவிடம் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.