கைதியின் கூலியும் சோற்றுச் செலவும்

கடுங்காவல் தண்டனை பெற்றவர் சிறையில் வேலை செய்தே ஆக வேண்டும். அந்த வேலைக்குக் கூலி உண்டா, உண்டென்றால் அவருடைய உணவு, உடைச் செலவை அதில் கழிக்கலாமா என்ற கேள்விகள் இந்திய நீதிமன்றங்களுக்குப் பலமுறை வந்திருக்கின்றன.

ஆங்கிலேயர் ஆட்சியில் உழைப்பு தண்டனையின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1908-இல் தண்டிக்கப்பட்ட வ.உ.சிதம்பரனார் கோவைச் சிறையில் செக்கிழுத்தது அப்படித்தான். 1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் கைதியின் வேலை நேரத்துக்கு நாளொன்றுக்கு 9 மணி என வரம்பு வைத்ததே தவிர, கூலி பெறும் உரிமையைத் தரவில்லை.

அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1977-இல் முகமது கியாசுதீன் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் கைதிக்குக் கூலி தரப்பட வேண்டும் என்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. இந்த வாதம் சிறைக்கும் பொருந்தும் என்று 1983-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. இமாசலப் பிரதேசம், குஜராத் உயர் நீதிமன்றங்களும் அதே வழியில் சென்றன. மாநில அரசுகள் மேல்முறையீடு செய்தன.

1998 செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடுங்காவல் கைதியிடம் அவர் சம்மதமின்றியும் வேலை வாங்கலாம். ஆனால் நியாயமான கூலி தர வேண்டும். அதை வகுக்க மாநிலங்கள் ஊதிய நிர்ணயக் குழுக்களை அமைக்க வேண்டும். குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தர ஒரு பங்கை ஒதுக்கச் சட்டம் இயற்ற வேண்டும். உணவு, உடைச் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்பதையும் நீதிபதி கே.டி.தாமஸ் ஏற்றார். எவ்வளவு கழிக்கலாம் என்ற உச்சவரம்பு வகுக்கப்படவில்லை. பிற்கால வழக்குகளின் வேர் இந்த இடைவெளிதான்.

இங்கிலாந்தில் கைதியின் வருவாயில் செய்யும் பிடித்தத்துக்கு வரம்பு உண்டு. 1996-ஆம் ஆண்டின் கைதிகள் வருவாய்ச் சட்டம் 2011-இல் நடைமுறைக்கு வந்தது. வெளியே வேலைக்குச் செல்லும் கைதியின் வார வருவாயில் 20 பவுண்டுக்கு மேற்பட்ட தொகையில் 40 விழுக்காடு வரை, பாதிக்கப்பட்டோர் உதவிக்காகப் பிடிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு 2012-இல் தள்ளுபடியானது.

தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டின் சிறை விதிகளில் 481-ஆம் விதி கூலியைப் பங்கிட்டது. பராமரிப்புக்கு 50 விழுக்காடு, பாதிக்கப்பட்டோர் நிதிக்கு 20 விழுக்காடு. மீதி 30 விழுக்காடுதான் கைதிக்கு. இந்த விதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல மனு மூலம் எதிர்க்கப்பட்டது.

விழுக்காட்டு முறையில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. எல்லோரும் உண்பது ஒரே சிறைச் சோறுதான். திறன் மிகுந்து கூடுதலாகச் சம்பாதிப்பவர் மட்டும் அதற்கு அதிக விலை கொடுக்கிறார். மேலும், இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் விசாரணைக் கைதிகள். வேலை செய்யும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அவர்களின் பராமரிப்புச் செலவு முழுவதையும் அரசே ஏற்கிறது. ஆகவே பிடித்தத்தின் சுமை உழைப்பவர் மீது மட்டுமே விழுகிறது. தலைக்கு உண்மையில் ஆகும் செலவைக் கணக்கிட்டு அதை மட்டும் கழித்தால் முதல் சிக்கல் தீரும். இரண்டாவது அப்படியே நிற்கும்.