வளருற பிள்ளைக்கு எந்தப் பலகை?

எங்கட வீடுகளில பள்ளிக்கூடச் சப்பாத்தை ஒரு அளவு பெரிசாத்தான் வாங்குவினம், "வளருற பிள்ளைதானே" எண்டு. அலைச்சறுக்குப் பலகைக்கு இந்தக் கணக்குச் சரிவராது.

பழைய ஹவாயில் 'ஓலோ' எனும் நீண்ட, பாரமான பலகை பிரதானிகளுக்குரியது. பிள்ளைகளுக்கு 'பைப்போ': வயிற்றில் படுத்தபடியே அலையில் வரும் குட்டைப் பலகை. பிறகு எழுதப்பட்ட வரலாறோ எழுந்து நின்ற ஆண்களையே பார்த்தது. ஒலிம்பிக் நீச்சல் வீரர் டியூக் கஹானமோக்கு 1930இல் செய்த பலகை 16 அடி, 114 இறாத்தல். பிள்ளை அதைத் தூக்குமா?

1971இல் ஹவாயில் டொம் மோறி ஒரு நுரைத்துண்டை மின்கத்தியால் வெட்டி, மேலே பத்திரிகைத் தாள் வைத்து ஸ்திரிக்கைப்பெட்டியால் தேய்த்து உருவாக்கியதுதான் 'பூகி போர்ட்'. நின்று சறுக்குகிறவர்களில் பலர் அதை விளையாட்டுச் சாமான் எண்டு நக்கலடிச்சவை. எங்களுக்கு அது நுரையில் திரும்பி வந்த பைப்போவாகவே தெரிகிறது.

நின்று பழகத் தொடங்கினாலும் மேற்பரப்பு மெதுவான நுரைப்பலகைதான் நல்லது. தலையில் பட்டாலும் காயம் குறைவு. அடுத்த வருச உயரத்தை விடுங்கோ. இண்டைக்கு அந்தப் பிள்ளை அதைக் கக்கத்தில இடுக்கிக்கொண்டு தானே கடல்வரை நடக்குமா எண்டு பாருங்கோ. வளர்ந்திட்டால் தம்பி, தங்கச்சிக்கு ஆகும்.