அரூளின் எல்லைக்குள் ஒரு புதுமை: நாஸிக் அல்மலாயிகா

நம் ஊர்களில் ஓதப்பெறும் ‘கஸீதத்துல் புர்தா’வைச் செவிமடுத்தோர், அதன் ஒவ்வொரு பைத்தும் இரு சம பாதிகளாய் அமைந்து, ‘மீம்’ எழுத்திலேயே முடிவதை அறிவர். ‘பஸீத்’ எனும் ஒரே சந்தம் முதல் பைத்திலிருந்து இறுதி பைத் வரை மாறாது. இஸ்லாத்திற்கு முற்பட்ட காலந்தொட்டு அரபுக் கவிதையின் பெருவழக்கு இதுவே. கிறித்தவ ஆண்டு எட்டாம் நூற்றாண்டில் பஸராவின் கலீல் இப்னு அஹ்மத் இதனை ‘இல்முல் அரூள்’ என்னும் யாப்புக் கலையாக வகுத்தளித்தார். அவ்வமைப்பினை நெகிழ்த்தி, அதற்கான இலக்கணத்தையும் எழுதியவர்களுள் முதன்மையானவர் பாக்தாதின் நாஸிக் அல்மலாயிகா.

அவர் 1923இல் பாக்தாதில் பிறந்தார். பிரெஞ்சு ஆதிக்கத்தை எதிர்த்த சிரியப் பெண்மணி நாஸிக் அல்ஆபிதின் நினைவாக அப்பெயர் சூட்டப்பெற்றது. தந்தை ஸாதிக் அல்மலாயிகா அரபு மொழி ஆசிரியர்; நூலாசிரியர். தாயார் ஸல்மா, ‘உம்மு நிஸார்’ என்னும் பெயரில் கவிதைகள் புனைந்தவர். ‘நஹ்வு’ இலக்கணத்தைத் தந்தையிடமே கற்ற நாஸிக், 1944இல் பாக்தாத் உயர் ஆசிரியர் கல்லூரியில் பட்டம் பெற்றார். ‘ஊத்’ என்னும் நரம்பிசைக் கருவியையும் முறையாகப் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று இலக்கியத் திறனாய்வும் ஒப்பிலக்கியமும் கற்றார். மரபை அறியாததால் அதை மீறியவர் அல்லர் அவர் என்பதை இவ்வரலாறு தெளிவாக்கும்.

1947இல் எகிப்தில் காலரா பரவி ஏறத்தாழ 20,000 உயிர்களைக் கவர்ந்தது. பெருகும் மரண எண்ணிக்கையை வானொலி வாயிலாகக் கேட்ட நாஸிக், அத்துயரைப் பாட முயன்றார். முதலிரு முயற்சிகள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. அக்டோபர் 27ஆம் நாள், சீர்களின் எண்ணிக்கை வரிக்கு வரி வேறுபடும் வகையில் ‘அல்கோலிரா’ என்னும் கவிதையை எழுதி முடித்தார். வீட்டார் அதனை உவந்து ஏற்கவில்லை. தந்தை எள்ளி நகைத்தார். இக்கவிதை அரபுக் கவிதையின் போக்கையே மாற்றும் என்று தாம் விடையிறுத்ததாகப் பிற்காலத்தில் நாஸிக் நினைவுகூர்ந்துள்ளார். அவ்வாண்டு டிசம்பரில் அது பெய்ரூத் இதழொன்றில் வெளிவந்தது.

அவர் செய்த மாற்றம் யாது? அவர் சந்தத்தைக் கைவிடவில்லை. பைத் என்னும் இரு பாதி அமைப்பை விடுத்து, ‘தஃப்ஈலா’ எனப்படும் சீரையே அலகாகக் கொண்டார். பொருள் வேண்டும் அளவுக்கு வரி நீளலாம், குறுகலாம். சீரின் இனம் மட்டும் மாறலாகாது. அக்கவிதைக்கு அவர் தேர்ந்த சந்தம் ‘முத்ததாரக்’. கலீல் வகுத்தவை 15 சந்தங்களே. விடுபட்ட பதினாறாவதான இதனை அக்ஃபஷ் சேர்த்தார் என்பது மரபு. முன்னோர் வகுத்ததன் மேல் பின்னோர் சேர்ப்பது அரூளுக்குப் புதிதன்று என்பதற்கு அச்சந்தமே சான்று.

இப்புதுமையில் முந்தியவர் யார் என்ற வழக்கும் எழுந்தது. பத்ர் ஷாகிர் அஸ்ஸய்யாபின் தொகுப்பும் அதே 1947இல் இத்தகைய கவிதையுடன் வெளிவந்தது. ஹள்ரமவ்த் வம்சாவளியினரான அலீ அஹ்மத் பாகஸீர் அதற்கு முன்பே இம்முறையை நாடகங்களில் கையாண்டிருந்தார். 1962இல் வெளியான ‘களாயா அஷ்ஷிஃருல் முஆஸிர்’ என்னும் நூலில் இவ்வியக்கம் 1947இல் இராக்கில் தொடங்கியது என்று எழுதிய நாஸிக், பிந்திய பதிப்பில் முந்தைய முயற்சிகள் இருந்தமையை ஒப்புக்கொண்டார். ஆயினும், புதுமுறைக்கான காரணங்களை 1949இல் ‘ஷளாயா வ ரமாத்’ தொகுப்பின் முன்னுரையிலும் பின்னர் மேற்சொன்ன நூலிலும் ஒழுங்குபட எடுத்துரைத்த சிறப்பு அவருக்கே உரியது.

அந்நூலில் அவர் விதித்த வரம்புகள் கவனத்திற்குரியவை. காமில், ரமல், ஹஸஜ், ரஜஸ், முத்தகாரிப், முத்ததாரக் என ஒரே சீர் மீளும் ஆறு சந்தங்களும், ஸரீஃ, வாஃபிர் ஆகிய இரண்டுமே புதுமுறைக்கு ஏற்றவை என்றார். தவீல், பஸீத் போன்றவற்றில் வேறுபட்ட சீர்கள் மாறி மாறி வருவதால், வரியை விரும்பியவாறு நீட்டவோ குறைக்கவோ இயலாது என்பது அவர் வாதம். சந்தமே இல்லாத உரைநடைக் கவிதையைக் கவிதையென ஏற்க அவர் உறுதியாக மறுத்தார். ஆகவே மரபாளர்க்கு அவர் கலகக்காரராகவும், பின்வந்த புதுமையாளர்க்குப் பழமைவாதியாகவும் தோன்றினார். இரு தரப்பின் கண்டனத்திற்கும் அஞ்சாமல் தம் ஆய்வு காட்டிய இடத்திலேயே நின்றார்.

பெண்டிர் நிலை குறித்தும் அவர் வாளாவிருக்கவில்லை. குடும்ப மானத்தின் பேரால் பெண்களைக் கொல்லும் கொடுமையைக் கண்டித்து ‘ஃகஸ்லன் லில்ஆர்’ எனும் கவிதை யாத்தார். பழி சுமத்துவோரிடம் நான்கு சாட்சிகளைக் கேட்பதும், தண்டிக்கும் உரிமையைத் தனிமனிதர் கையில் விடாததும் ஷரீஅத்தின் நெறி. அக்கவிதை சாடுவது மார்க்கத்தை அன்று. மார்க்கத்தை மீறிய குல வழக்கத்தையே.

1961இல் அப்துல் ஹாதி மஹ்பூபாவை மணந்தார். கணவருடன் பஸரா பல்கலைக்கழகத்தின் தொடக்கத்தில் பங்கேற்றார். கலீலின் ஊரிலேயே அவரது அரூளை விரிவாக்கியவர் பணியாற்றியது வரலாற்றின் அழகிய பொருத்தம். 1970 முதல் குவைத் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் கற்பித்தார். 1978இல் வெளிவந்த அவரது தொகுப்பின் பெயர் ‘லிஸ்ஸலாத்தி வஸ்ஸவ்ரா’. ‘தொழுகைக்கும் புரட்சிக்கும்’ என்பது பொருள். 1990இல் இராக்கியப் படை குவைத்தில் புகுந்தபின் அங்கிருந்து நீங்கினார். நோயுற்ற இறுதிக்காலத்தைக் கெய்ரோவில் கழித்து, 2007 ஜூன் 20இல் அங்கேயே மறைந்தார். எகிப்தியரின் மரணத்திற்காக இராக்கிலிருந்து இரங்கிய அப்பெருமகளை எகிப்தின் மண்ணே ஏற்றுக்கொண்டது.

நம் அரபுக் கல்லூரிகளில் அரூள் இன்னும் பாடமாக உள்ளது. ஆனால் கலீலுக்குப் பின் அக்கலை வளரவில்லை என்பதுபோல் பாடத்தை முடித்துவிடுகிறோம். புர்தாவின் பஸீதைக் கற்கும் மாணவர், அச்சந்தம் புதுமுறைக்கு ஏன் ஒத்துவராது என்று நாஸிக் கூறிய காரணத்தையும் கற்பாராயின், இரண்டையுமே ஆழமாக அறிவார்.