சிறுவாடும் சேமநிதியும்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் வைஷ்ணவ பக்தர்களுக்கு ராமாநுஜரின் அவதார ஸ்தலம் நினைவுக்கு வரும். செய்தித்தாள் படிப்போருக்கு ஒரகடம் வரை பரந்து கிடக்கும் மோட்டார் ஆலைகளும் கைபேசி ஆலைகளும் நினைவுக்கு வரும். இப்பிரதேசத்தில் உழைத்துப் பிழைத்தவர்கள், யார் தயவையும் எதிர்பாராமல் தமக்கென்று நாலு காசு சேர்த்துக் காப்பாற்றிக் கொள்ளத் தலைமுறை தலைமுறையாகப் பட்ட பாட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஆலைகளின் சரித்திரத்தைவிட அது பழையது. படிப்பினைகளும் அதில் அதிகம்.

பழைய செங்கற்பட்டு ஜில்லா ஏரிப் பாசனத்தை நம்பிய பூமி. மழை பொய்த்த வருஷத்தில் மிராசுதாரரே கடனுக்கு அலைந்த இடத்தில் நிலமற்ற உழைப்பாளியின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ எஜமானரிடம் சொற்பத் தொகை வாங்கியவன், அதைத் தீர்க்க வழியின்றிப் படியாளாகி, தான் ஓய்ந்த பிறகு தன் பிள்ளையையும் அதே பண்ணையில் விட்டுச் சென்றான். 1891-இல் ஜில்லா கலெக்டர் ட்ரெமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் இந்த நிர்ப்பந்த வாழ்க்கையை மறைக்காமல் சர்க்காருக்கு எழுதினார். அதன் பயனாக 1892-இல் பிறந்த உத்தரவின்படி அம்மக்களுக்குத் தரிசு நிலங்கள் ஒப்படைக்கப்பட்டன. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, பிறகும் அச்சமூகத்தாருக்கன்றிப் பிறருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. இன்று பஞ்சமி நிலம் என்று வழக்காடப்படுவது இதுதான். நிபந்தனையை மீறி அநேக நிலங்கள் கைமாறிவிட்டன. சர்க்கார் பட்டாவில் பெயரை எழுதிக் கொடுத்ததே தவிர, பஞ்சம் வந்த வருஷத்தில் அந்தப் பட்டாவை அடகு வைக்காமல் பிழைப்பதற்கு வழி செய்யவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்த வழியைத் தேடும் பொறுப்பு அதே காலத்தில் பிரடெரிக் நிக்கல்சன் என்ற உத்தியோகஸ்தரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895-இலும் 1897-இலும் அவர் வெளியிட்ட அறிக்கை, ஜெர்மனியில் ரைஃபைசன் நடத்திக் காட்டியதைப் போல, ஒருவரையொருவர் நன்கறிந்த கிராமத்தார் தங்கள் சிறுதொகைகளைத் திரட்டித் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வருஷமே ஸ்ரீபெரும்புதூருக்கு வடக்கே திரூரில் விவசாயக் கடன் சங்கமும், தென்மேற்கே காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கமும் பதிவாயின. இந்தியாவிலேயே அவ்வகையில் முதலாவன என்ற பெருமை இவ்விரண்டுக்கும் உண்டு. இரண்டே வருஷத்தில், 1906 அக்டோபரில், சென்னையின் கீர்த்தி வாய்ந்த அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. துரைமார் கம்பெனி என்ற நம்பிக்கையில் ஆயுட்காலச் சம்பாத்தியத்தை அங்கே ஒப்படைத்திருந்த குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. மறுவருஷம் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் இந்தியன் வங்கியை ஸ்தாபித்ததற்கு அந்த ஆத்திரமே காரணம்.

ஆனால் சங்கமும் வங்கியும் ஜாமீன் காட்டக்கூடியவர்களுக்கே எளிதில் கதவு திறந்தன. மற்றவர்களின் சேமிப்பு அஞ்சறைப்பெட்டியில் பதுங்கிய சிறுவாடாகவும், தெருவில் ஒருவர் பிடிக்கும் சீட்டாகவுமே இருந்தது. சீட்டைப் பழிப்பது படித்தவர்களுக்கு வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. இருபது பேர் மாதம் ஆயிரம் ரூபாய் கட்டும் ஏலச்சீட்டில், அவசரக்காரர் தள்ளுபடி கொடுத்து முதலில் எடுத்துக்கொள்கிறார்; அந்தத் தள்ளுபடியைப் பொறுமைசாலிகள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒரே ஏற்பாடு ஒருவருக்குக் கடனாகவும் மற்றவருக்குச் சேமிப்பாகவும் ஆவது லேசான சாமர்த்தியமல்ல. சீட்டுப் பிடிப்பவர் ஓடிப்போனால் அதிக நஷ்டம் கடைசி வரை காத்திருந்த பொறுமைசாலிக்கே என்பதுதான் அதன் தோஷம். இதற்காகவே 1961-இல் மாநிலச் சட்டமும் 1982-இல் மத்திய சட்டமும் வந்து, சீட்டைப் பதிவு செய்து ஈட்டுத்தொகை கட்ட வேண்டும் என்று விதித்தன. ஆயினும் தொண்ணூறுகளில் மிதமிஞ்சிய வட்டி ஆசை காட்டிய நிதி நிறுவனங்கள் தமிழ்நாடெங்கும் கவிழ்ந்ததால், முதலீட்டாளரைக் காக்க 1997-இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது.

தொழிற்பேட்டைகளை அமைக்கும் சர்க்கார் நிறுவனமான சிப்காட் 1971-இல் ஏற்பட்டது. ஆனால் 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த பிறகே இப்பக்கத்து ஊர்களின் ஜீவனோபாயம் அடியோடு மாறிற்று. 2006-இல் நோக்கியாவும், 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸ்ஸானும், பின்னர் டைம்லர், ராயல் என்பீல்டு ஆலைகளும் உற்பத்தி தொடங்கின. பல ஜில்லாக்களிலிருந்து வந்த பெண்கள் ஷிப்டு பஸ்ஸில் ஏறினார்கள். அவர்களுக்காக 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியே திறக்கப்பட்டது. தாயார் அரிசிப்பானையில் ஒளித்ததை மகள் தன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் வைத்தாள். அந்த ஏ.டி.எம். அட்டை யார் கையில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இந்த உத்தியோகமும் சாசுவதமல்ல என்பதை 2014 காட்டிற்று. வரி வழக்கில் சிக்கியதால் மைக்ரோசாப்டுக்குக் கைமாற முடியாமல் நின்ற நோக்கியா ஆலை, நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. டிசம்பரில் அதே வளாகத்தின் பாக்ஸ்கான் ஆலையும் நின்றது. இருபது வயதில் வேலைக்கு வந்து, நகைச்சீட்டும் மோட்டார்சைக்கிள் தவணையும் கட்டிக்கொண்டிருந்தவர்கள் முப்பதுக்கு முன்பே வேலையிழந்தார்கள். நோக்கியா நிற்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், ஆலை மாறினாலும் மாறாத பொதுக் கணக்கு எண்ணை வருங்கால வைப்பு நிதி அலுவலகம் நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது.

1952-ஆம் வருஷச் சட்டத்தால் ஏற்பட்ட இந்த வைப்பு நிதிக்குத் தொழிலாளி தன் சம்பளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு கட்ட, முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். முதலாளியின் பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு, 1995 முதல் ஓய்வூதியத்துக்குப் போகிறது. பத்து வருஷ சர்வீஸ் சேர்ந்தால்தான் அந்த ஓய்வூதியம் உண்டு. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் 'பி.எஃப். பணம்' என்று முழுவதையும் எடுத்துச் செலவழிப்பவருக்கு அந்தப் பத்து வருஷம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறது. இப்படி இடையில் எடுப்பது, பண்ணையில் வாங்கிய முன்பணத்தைப் போல மனிதரைக் கட்டிப்போடாது. ஆனால் முதுமைக்கு வேண்டியதை மெல்ல மெல்லக் கரைத்துவிடும்.

ஆகையால் இந்தத் தொழிற்பேட்டையில் இன்று முதற்சம்பளம் வாங்கும் தம்பி தங்கையரை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: நகைச்சீட்டில் சேருமுன் உங்கள் வைப்பு நிதிப் பொதுக் கணக்கு எண்ணில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா, பிடித்த பணம் மாதந்தோறும் கட்டப்படுகிறதா என்று பாருங்கள், வாரிசுதாரர் பெயரைப் பதியுங்கள், வேலை மாறினால் பணத்தை எடுக்காமல் அதே எண்ணின் கீழ் புது ஆலையின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.