புல்லுதானே!

போன பிப்ரவரியில் நண்பன் ஒருவன் போனில் கொதித்துக்கொண்டிருந்தான். கொழுக்குமலைப் பக்கம் நடக்கலாம் என்று லீவு போட்டு, பையெல்லாம் கட்டி வைத்திருக்கிறான். தீக்காலம் என்று மலையேற்றப் பாதைகளை மூடிவிட்டார்கள். "அடர்ந்த காடுன்னாகூட சரி. அங்க இருக்கறது வெறும் புல்லுதானேடா?" என்றான்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய தீ 23 பேரைக் கொண்டுபோனது. அதுவும் புல் மூடிய சரிவுதான். இது அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் 'புல்லுதானே' என்கிறான். காட்டுத்தீ என்றால் நம் மனதில் எரிவது எப்போதும் மரம்தான். புல்லை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. அன்று அவனுக்கு ஒரு பழைய கதை சொன்னேன். நடந்த இடம் நமக்கு வெகுதூரம்: அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மிசௌரி ஆற்றை ஒட்டிய மான் கல்ச் என்ற செங்குத்தான பள்ளத்தாக்கு. நாள், 1949 ஆகஸ்ட் 5.

முந்தைய நாள் மின்னல் விழுந்து முகட்டில் தீ பிடித்திருந்தது. அன்றைக்குப் பக்கத்து ஊரான ஹெலெனாவில் 36 டிகிரி வெயில். அணைப்பதற்காக விமானத்திலிருந்து 15 பேர் பாராசூட்டில் குதித்தார்கள். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பையன்கள், கல்லூரியில் படிப்பவர்களும் உண்டு. கீழே ஏற்கெனவே தனியாகத் தீயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காவலர் ஒருவர் சேர்ந்துகொள்ள, மொத்தம் 16 பேர். தலைவர் வாக்னர் டாட்ஜ். வயது 33, அதிகம் பேசாத மனிதர். அந்தப் பையன்களோடு சேர்ந்து பயிற்சி எடுக்க அந்த ஆண்டு அவருக்கு வாய்க்கவில்லை. அவரை அவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மேலிருந்து பார்த்தபோது பெரிய தீயாகத் தெரியவில்லை. 'காலைக்குள்ள முடிச்சிடலாம்' என்கிற மாதிரியான வேலை. எதிர்ச்சரிவு வழியே ஆற்றுப் பக்கம் இறங்கிவிட்டால், முதுகுக்குப் பின்னால் தண்ணீர் இருக்கும், பயமில்லை என்று டாட்ஜ் எல்லோரையும் கீழே நடத்திக்கொண்டு போனார். அதற்குள் காற்று வலுத்தது. தீப்பொறிகளைத் தூக்கிப் பள்ளத்தாக்கின் வாய்ப்புறத்தில், அவர்கள் நடந்துகொண்டிருந்த சரிவிலேயே போட்டது. மாலை 5:45 வாக்கில் டாட்ஜ் நிமிர்ந்து பார்த்தபோது ஆற்றுக்கும் அவர்களுக்கும் நடுவே தீ நின்றது.

அவர்கள் நின்ற இடத்தில் மரங்கள் குறைந்து, முழங்காலுக்கு மேல் வளர்ந்த காய்ந்த புல் தொடங்கியிருந்தது. அடிமரத்துக்குள் இருக்கும் ஈரம் போக வாரக்கணக்கில் ஆகும். காய்ந்த புல்லின் தாளுக்கு ஒரு மணிநேர வெயிலும் வறண்ட காற்றும் போதும். காலையில் பனியில் நனைந்து கிடந்த புல் மதியத்துக்குள் தீக்குச்சியாகிவிடும். காற்றோட்டமாக நிற்பதால் பற்றவும் நொடிதான். அதோடு மேட்டுச் சரிவும் சேர்ந்தால், சுவாலை முன்னால் சாய்ந்து அடுத்த புல்லை எரிவதற்கு முன்பே வறுத்துவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்களின் மனக்கணக்கு. மேட்டில் தீக்கு வேகம் கூடும், மனிதனுக்கு மூச்சு வாங்கும்.

டாட்ஜ் எல்லோரையும் முகட்டை நோக்கித் திருப்பினார். கொஞ்ச தூரம் போனதும் கருவிகளைக் கீழே போடச் சொன்னார். கோடாலியும் ரம்பமும் இல்லாவிட்டால் அப்புறம் அவர்கள் யார்? சிலரால் அவற்றைக் கையிலிருந்து விடவே முடியவில்லை.

அடுத்து அவர் செய்ததைப் பார்த்தவர்கள் ஆளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள். பின்னால் தீ துரத்திவர, நின்று ஒரு தீக்குச்சியைக் கிழித்து முன்னால் இருந்த புல்லுக்கும் தீ வைத்தார். அது மேலே எரிந்துகொண்டு போக, கறுத்துப்போன இடத்துக்குள் காலை வைத்து, உள்ளே வரச்சொல்லிக் கத்தினார். ஒருவரும் வரவில்லை. அவரைக் கடந்து முகட்டை நோக்கி ஓடினார்கள். அவர் ஈரத்துணியால் வாயை மூடிச் சாம்பலில் குப்புறப் படுத்தார். பெருந்தீ வந்தது. அங்கே எரிப்பதற்கு எதுவும் மிச்சமில்லாததால் அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

ஓடியவர்களில் இருவர் மட்டும் முகட்டுப் பாறையில் இருந்த ஒரு பிளவு வழியே மறுபக்கம் போய்ப் பிழைத்தார்கள். 13 பேர் இறந்தார்கள். ஒருவரின் கைக்கடிகார முட்கள் ஆறு மணி ஆவதற்குச் சற்று முன்பாக உருகி நின்றிருந்தன. தீயைக் கண்டு திரும்பியதிலிருந்து மொத்தமே பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள்.

டாட்ஜ் வைத்த தீதான் பிள்ளைகளைக் கொன்றது என்று இறந்த ஒருவரின் தந்தை குற்றம்சாட்டினார். விசாரணைக் குழு அதை ஏற்கவில்லை. தனக்கு இதை யாரும் கற்றுத்தரவில்லை, அந்த நேரத்தில் தோன்றியது என்றார் டாட்ஜ். ஆனால் அந்தப் புல்வெளிகளில் காலங்காலமாக வாழ்ந்த பழங்குடிகளுக்கு இது தெரிந்த விஷயம். 1827இல் வந்த ஃபெனிமோர் கூப்பரின் நாவலில்கூட இந்த உத்தி இருக்கிறது. தீயணைக்கப் போன பையன்களுக்குத்தான் அது வந்து சேரவில்லை. நார்மன் மக்லீன் என்ற பேராசிரியர் தன் முதுமை முழுக்க இந்தச் சரிவில் அலைந்து ஒரு புத்தகம் எழுதினார். அவர் இறந்த பிறகு 1992இல் வெளிவந்தது. தீயின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்த ரிச்சர்ட் ரோதர்மல், 1993இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே இதை வெல்ல முடியாத ஓட்டம் என்றார்.

எனக்கு இதில் தீயைவிட அந்தப் பையன்கள்தான் உறுத்துகிறார்கள். டாட்ஜ் சொன்னது சரி. ஆனால் அது சரி என்று புரிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. அவரை முன்பே பழகி நம்பியிருக்க வேண்டும், இல்லை எரிந்து கறுத்த நிலத்தில் தீ மறுபடி வராது என்பதை முன்பே காதில் வாங்கியிருக்க வேண்டும். காற்றடிக்கும் வறண்ட மதியத்தில், தீயைப் பார்த்த பிறகு கற்றுக்கொள்ள நேரமே இல்லை.

கேட்டு முடித்ததும் நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீயா இருந்தா அந்தாள் பக்கத்துல போய்ப் படுத்திருப்பியா?" என்றான்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லடா. ஓடியிருப்பேன்" என்றேன்.

"நானும்தான்" என்றான். "சரி, மழை பெஞ்சப்புறம் போவோம்."